தாமாரை விட்டுவிட்ட ஊர்வலம்

மறைக்கல்வி வகுப்பில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர்களே, குரூப்பில் நீங்கள் போட்ட செய்தியைப் பார்த்தேன். கோவிலுக்கு விழா ஆண்டாம். அந்தக் காலத்தில் கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிறு நாம் நடத்திய வம்சவரிசை ஊர்வலத்தை இந்த வருடம் மறுபடியும் நடத்தப் போகிறீர்களாம். சீரியல் விளக்கு, டிரோன் கேமரா, ஆபிரகாமுக்கு வாடகைத் தாடி. பழைய மாணவர்கள் ஆளுக்கொரு இனிய நினைவு எழுதி அனுப்பினால் விழா மலரில் போடுவீர்களாம். கீழே ஆளாளுக்குக் கைகூப்பியிருக்கிறீர்கள்.

என்னிடம் இனிய நினைவு இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நமக்கெல்லாம் இப்போது முட்டி வலி, சர்க்கரை, பேரப்பிள்ளைகள். இந்த வயதில் பழையது எல்லாமே இனிக்கும். அதனால் கொஞ்சம் ஞாபகப்படுத்துகிறேன். தாம்பரத்தில் அப்போது மேம்பாலம் கிடையாது. ரயில்வே கேட் மூடினால் பிணம் போனாலும் நிற்க வேண்டியதுதான். கல்குவாரியில் வெடி வைத்தால் கோவில் ஜன்னல் நடுங்கும். பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கும் நேரம் பார்த்து வெடி வைப்பார்கள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அப்படியே நிற்பார். கோவிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது. மழையில் இருந்த ஒரே நல்லது அதுதான்.

அந்தக் கோவிலின் பீடத் துணிகளைத் துவைத்தவள் என் அம்மா. இது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. பீடத்தில் விரிக்கிற துணி, கிண்ணம் துடைக்கிற துணி, சாமியாரின் வெள்ளை அங்கி எல்லாம் குவாரிக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குத்தான் மூட்டையாக வரும். நீலம் போட்டு அலசி, ஜவ்வரிசிக் கஞ்சி தோய்த்து, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அனுப்புவாள். மழைக்காலத்தில் காயாது. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிடுவாள். புகை வாசம் ஏறிவிட்டால் மறுபடி துவைப்பாள். நவம்பர் மாதம் முழுக்க அந்தத் துணிகளுக்குக் கீழேதான் நாங்கள் குனிந்து நடந்தோம். எனக்கு இன்றைக்கும் ஈரத் துணியும் கஞ்சியும் கலந்த அந்த வாடை வந்தால் தலை தானாகக் குனியும்.

அந்தப் பீடத்திலிருந்து அம்மாவுக்கு நற்கருணை அப்பம் கிடையாது. அவள் கடைசி வரிசையில் நிற்பாள். மற்றவர்கள் அதை வாங்க எழுந்து போகும்போது இவள் முழங்காலில் இருந்து முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டிருப்பாள்.

காரணம் கோவில் சனத்துக்கெல்லாம் தெரியும். என் அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னாலேயே பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். போனவர் போனவர்தான். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று மட்டும் பேச்சு வரும். கோவிலில் நடந்த கலியாணம், அவர் சாகிறவரை அவிழாது. சில வருடம் கழித்து, ஜல்லி லாரி ஓட்டுகிற ஒருவர் எங்கள் வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிட வந்தார். பிறகு சாப்பிட்ட இடத்திலேயே இருந்துவிட்டார். நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டேன். கிறிஸ்தவர் இல்லை. ஆனால் வீட்டுக்குள் கோவில் துணி தொங்குகிற நாட்களில், கிரீஸ் படிந்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நுழைவார். "உங்க சாமி சொக்காமேல பட்டுடப் போவுது" என்பார். அம்மாவிடம் அப்படி மரியாதையாக நடந்துகொண்ட வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

ஊர்வலம் நடந்த வருடம் மழை தொடங்கியபோது தம்பி பிறந்தான். காது மடலில் பூனை மயிர் வைத்துக்கொண்டு பிறந்தான். அழும்போது சத்தம் வருவதற்கு முன்னால் கீழுதடு துடிக்கும். நான் அதைப் பார்ப்பதற்காகவே அவனைச் சீண்டுவேன்.

கிறிஸ்மஸ் அன்றைக்கு அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவளுக்கு அது ஆசை மட்டும் இல்லை, பயமும்தான். அவள் கூடப் பிறந்தவர்களில் இரண்டு பேர் கைக்குழந்தையாகவே செத்தவர்கள். ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

என்னையும் இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனாள். சாமியார் தெற்கத்தி ஆள். புத்தகத்தில் இருப்பது போலத்தான் பேசுவார். வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, புள்ளைக்குக் கிறிஸ்மஸ் அன்னிக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்."

"யார் பிள்ளை?"

"எம்புள்ளதான் சாமி."

"அது தெரிகிறது. தகப்பன் யார் என்று கேட்டேன்."

அம்மா சொன்னாள். அவருக்குத் தெரியாததா? அவள் வாயால் சொல்ல வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"அந்த ஆளை அனுப்பிவிட்டு வா. பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. பிறகு பார்க்கலாம்."

"அவரை அனுப்பிட்டு நாங்க இன்னா சாமி துன்றது?"

"சர்வேசுரன் கைவிட மாட்டார்."

"நான் பண்ணது தப்புன்னே வெச்சிக்கோங்க சாமி. புள்ள இன்னா பண்ணிச்சு?"

"பிள்ளை ஒன்றும் பண்ணவில்லை. அதை வேதத்தில் வளர்ப்பாய் என்று எனக்கு நம்பிக்கை வர வேண்டும். அந்த வீட்டில் எப்படி வளரும்? சட்டம் அப்படி."

அவர் பழத்தைத் தின்று முடித்துத் தோலை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, "துணி எப்போது வரும்?" என்று கேட்டார்.

"சனிக்கெழமை சாமி."

உங்கள் அருமையான ஊர்வலம் இதே வாரங்களில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. உபதேசியாரின் யோசனை அது. மறைக்கல்வி வகுப்பை நடத்தியவர் அவர்தான், மறந்திருக்க மாட்டீர்கள். குடைக் கம்பியால் முட்டியில் தட்டுவார். மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கத்தில் ஆபிரகாமிலிருந்து சூசையப்பர் வரை இயேசுவின் முன்னோர்களைச் சொல்லியிருக்கிறதல்லவா? ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முன்னோர். தலையில் ஜிகினா கிரீடம், மார்பில் பெயர் எழுதிய பட்டை. தன் பெயரையும் தன் மகன் பெயரையும் உரக்கச் சொல்லி, கையிலிருக்கும் மெழுகுவர்த்தியை அடுத்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். கடைசியில் அந்த வெளிச்சம் குடிலில் இருக்கும் பாலன் இயேசுவின் சுரூபத்துக்கு முன்னால் போய்ச் சேரும். யோசனை நல்ல யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை.

யாருக்கு எந்த முன்னோர் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலேயே வெள்ளைக்காரச் சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்துப் பையன் ஆபிரகாம். கோவிலுக்கு ஹார்மோனியம் வாங்கிக் கொடுத்தவர் மகன் சாலமோன். உபதேசியார் மகன் தாவீது. ஆமாம், உன்னைத்தான் சொல்கிறேன். இப்போது கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை பிரித்து விற்றுக்கொண்டிருக்கிற உன்னைத்தான். நீ அன்றைக்கும் எங்களையெல்லாம் "குவாரி கேங்கு" என்றுதான் கூப்பிட்டாய்.

அத்தனை முன்னோர்களுக்குப் பையன்கள் போதவில்லை. அதனால் பெண்களுக்கு மையால் மீசை வரைந்து நிறுத்தினார்கள். எனக்குச் சாதோக்கு என்று ஒருவர் வந்தார்.

"சாதோக்கு இன்னா பண்ணாரு சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. பொறந்தாரு, பெத்தாரு, செத்தாரு. பேரைக் கத்திச் சொல்லிட்டு மெழுகுவர்த்தியைக் குடு. நடுவுல இளிக்காதே."

"சார், பொம்பளை யாருமே இல்லையா சார்?"

"கடைசியில மாதா சுரூபம் வரும். போதாதா? மீசையைத் தொடாதே, அழியுது பாரு."

"சாதோக்குக்கு மீசை கரையுதுடோய்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மழையில் நனைந்து மை வாய்க்குள் இறங்கி, நாக்கில் கசந்தது.

பெயர்களை எல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டேன். என் பெயரை மட்டும் இல்லை, மொத்த வரிசையையும். தம்பியைக் காலில் போட்டு ஆட்டும்போது அதையே தாலாட்டாகச் சொல்வேன். அவன் அம்மினதாபு வருவதற்குள் தூங்கிவிடுவான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அம்மாவோடு துணி கொடுக்கப் போனேன். பூசை நடந்துகொண்டிருந்தது. அன்றைய வாசகம் அதே வம்சவரிசை. சாமியார் பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வது போல ஓட்டமாகப் படித்தார். நானும் உதட்டை அசைத்துக்கொண்டே கூடப் போனேன். யூதாவுக்குப் பக்கத்தில் தாமார் என்று ஒரு பெயர் வந்தது. எனக்கு உதடு நின்றுவிட்டது. பிறகு இராகாபு. பிறகு ரூத்து. பிறகு உரியாவின் மனைவி.

அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "பொம்பளைங்க கீறாங்கம்மா."

"கொஞ்ச நேரம் சும்மா இரு."

அன்று மாலை ஒத்திகையில் உபதேசியாரிடம் கேட்டேன். "சார், நடுவுல நாலு பொம்பளைங்கள உட்டுட்டீங்க சார்."

"யார் சொன்னது உனக்கு?"

"சாமியார்தான் சார் படிச்சாரு."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். உபதேசியார் என் காதைப் பிடித்துத் திருகினார். "அதெல்லாம் பெரியவங்களுக்கு. பிள்ளைங்களுக்கு எது தேவையோ அதை எடுத்துக் குடுத்திருக்கேன். எதிர்க்கேள்வி கேக்கற பொண்ணு வூட்டுக்கு ஆகாது."

மறுநாள் பள்ளியில் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் ஒருவர்தான் மழுப்பவில்லை. கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டே சொன்னார்: தாமார் மாமனார் மூலம் பிள்ளை பெற்றவள், இராகாபு விலைமகள், ரூத்து வேறு இனம், வேறு சாமி கும்பிட்டவள், உரியாவின் மனைவியைத் தாவீது ராஜா எடுத்துக்கொண்டு புருஷனைக் கொன்றான். "போதுமா? போய் உக்காரு" என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அத்தனையையும் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா சாமியாரின் அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"மாமனாரா?"

"ஆமாம்மா."

"அந்தப் புள்ள வம்சத்துலதான் ஏசுசாமி பொறந்தாரா?"

"ஆமா. சாமியாரே படிச்சாரே. நீயும் கேட்டியே."

"எத்தினி வருசமா கேக்கறேன். பேரு பேராப் போவுதேன்னு உட்டுட்டேன்."

சித்தப்பா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உங்க சாமி குடும்பம் நம்ம குடும்பத்தத் தூக்கிச் சாப்ட்டுடும் போலக் கீதே."

அம்மா சிரித்தாள். அந்தப் பருவத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தம்பியைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு, "நீ வெளிய இல்லடா ராசா, உள்ளதான் கீற" என்றாள்.

அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில்தான், தேய்த்த துணியை எடுத்துக்கொண்டு மறுபடி பங்களாவுக்குப் போனாள். சாமியாரோடு உபதேசியாரும் பாடகர் குழுவில் இரண்டு பேரும் இருந்தார்கள். அம்மா மூட்டையை மேசைமேல் வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"சாமி, அந்தத் தாமார் புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க இல்ல? எம்புள்ளைக்குக் குடுத்தா இன்னா?"

சாமியார் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அம்மா, அந்தக் காலத்தில் ஞானஸ்நானமே கிடையாது. அது இயேசுநாதர் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்னால்."

உபதேசியார் சிரித்தார். பாடகர்கள் சிரித்தார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்துவிட்டு, "தெரியாமக் கேட்டுட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம். ஒரு சரியான பதிலை வைத்து அவள் கேட்டதைக் கேட்காமல் பண்ணிவிட்டார். அவள் தேதியா கேட்டாள்? அப்படிப்பட்ட பிறப்பைக் கடவுள் தன் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டபோது நீ யார் வாசலை மறித்து நிற்பதற்கு என்று கேட்டாள். கேட்கத் தெரிந்த மாதிரி கேட்டாள்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வம்சவரிசை வாசிக்கும்போது நீங்கள் கொட்டாவி விடுகிறீர்கள், செல்போன் பார்க்கிறீர்கள். நான் இன்னும் கோவிலுக்குப் போகிறேன் என்றால் அந்த ஒரு பக்கத்துக்காகத்தான். பிற்பாடு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். மத்தேயு அந்த வரிசையில் மூன்று அரசர்களை விட்டிருக்கிறார். அரண்மனையில் பிறந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தவர்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். தாமாரை விடவில்லை. இராகாபை விடவில்லை. மறைக்க வேண்டும் என்றால் மறைக்கத் தெரியாத ஆள் இல்லை அவர். தெரிந்தே வைத்திருக்கிறார். கடவுள் இந்த உலகத்துக்குள் வர ஒரு வழி தேடியபோது சுத்தமான தெருவாகப் பார்த்து வரவில்லை என்று அந்தப் பக்கம் சொல்கிறது. நம் உபதேசியார் என்ன பண்ணினார்? அரசர்களை எல்லாம் ஜிகினா கிரீடத்தோடு நிறுத்திவிட்டு அந்தப் பெண்களைத் தூக்கி வெளியே போட்டார். நற்செய்தியைப் பிள்ளைகளுக்காகச் சுத்தம் பண்ணினாராம்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பிக்கு மூச்சு இழுத்தது. இரண்டு நாளாகச் சளி. நாட்டு மருந்துக் கடைப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் தடவிப் பார்த்தாயிற்று. சித்தப்பா வண்டலூரைத் தாண்டி லோடு இறக்கப் போயிருந்தார். மழை விடாமல் அடித்தது. அவன் உதடு நீலமாகிக்கொண்டே போனதை அம்மா பார்த்தாள்.

"சொம்புல தண்ணி கொண்டா" என்றாள். கொண்டு வந்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "இது வாணாம், ஜில்லுனு கீது. சளி புடிச்ச புள்ள" என்று அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாக்கினாள். பிறகு அவனை மடியில் சாய்த்து, தலையில் ஊற்றினாள். அவன் பெயரைச் சொல்லி, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றாள். ஒரு வார்த்தை தப்பவில்லை. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அவள் சின்ன வயதில் படித்திருந்தாள். தண்ணீர் அவன் நெற்றியிலிருந்து காது மடலில் ஓடி, பூனை மயிரில் துளித்துளியாக நின்றது. நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பார்த்தேன்.

பிறகு அவனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்த பிறகு ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பி அம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் அம்மா பங்களாவுக்குப் போனாள். சித்தப்பா பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. உபதேசியார் கிரீடங்களுக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

"நானே ஞானஸ்நானம் குடுத்துட்டேன் சாமி. கல்லறைத் தோட்டத்துல எடம் குடுங்க" என்றாள் அம்மா.

"யார் பார்த்தது?"

"எம்பொண்ணு பாத்துச்சு."

"வேறு பெரியவர்கள்?"

"யாரும் இல்ல சாமி."

"எப்படிக் கொடுத்தாய்? சொன்னதைச் சொல்லிக்காட்டு."

அம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை வெளியே துண்டில் கிடக்கும்போது, அவளுக்கு வரவில்லை. நான் முன்னால் போய், "நான் சொல்றேன் சாமி" என்று முழுவதும் சொன்னேன். தண்ணீரைச் சுட வைத்தது முதல் காதில் ஓடினது வரை சொன்னேன்.

உபதேசியார் பசை விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமி, இதுக்கு எல்லாம் மனப்பாடம். ஆபிரகாம்லேர்ந்து சூசையப்பர் வரைக்கும் ஒப்பிக்கும். அம்மா சொல்லிக் குடுத்ததை ஒப்பிக்குது. இதுவா சாட்சி?"

சாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்தார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். "சந்தேகமாக இருக்கிறது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு மந்திரித்த கல்லறை மண்ணில் வைக்க முடியாது" என்றார்.

"அப்ப எம்புள்ள எங்க சாமி போவும்?"

"லிம்போ என்று ஒரு இடம் இருக்கிறது. மோட்சம் இல்லை, நரகமும் இல்லை. வேதனை ஒன்றும் இருக்காது. கடவுளுடைய முகத்தைப் பார்க்க முடியாது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார்.

கேட்டுக்கு வெளியே சித்தப்பா, "இன்னாவாம்?" என்று கேட்டார்.

"எடம் இல்லையாம்."

அவர் பங்களாவை ஒரு தடவை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "வா. எங்காளுங்க எடத்துல எடம் கீது" என்று நடந்தார்.

ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது அவர்கள் சுடுகாடு. அங்கே மண்வெட்டியோடு இருந்த ஆள் கேட்டது ஒரே கேள்வி. "ஆம்பளப் புள்ளயா, பொம்பளப் புள்ளயா?" ஆம்பளப் புள்ளை என்றதும், "அந்த மேட்டுல வையி, ஏரி ரொம்புனாலும் தண்ணி வராது" என்றார். தாய் யார், தகப்பன் யார், தலையில் தண்ணி ஓடியதா என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கைப்பிடி மண் போட்டாள். அந்த மேடும் இப்போது இல்லை. மேலே அடுக்குமாடி வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் உங்கள் ஊர்வலம் நடந்தது. பேண்டு சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. மறுநாள் பள்ளியில், எனக்கு அடுத்து, சாதோக்கின் மகன் ஆக்கிமாக நின்றவள் என்னிடம் சொன்னாள்: "நீ வரலன்னு உபதேசியார் கண்டுக்கவே இல்லடி. அசோர் நேரா எங்கிட்டயே மெழுகுவர்த்தியக் குடுத்துட்டான். ஒருத்தருக்கும் தெரியல." அவளுக்கு அது வேடிக்கை. அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் பிள்ளைதானே.

அம்மா சித்தப்பாவை அனுப்பவில்லை. அவர் எங்களோடு இருந்து, என்னைப் படிக்க வைத்து, எங்கள் வீட்டிலேயே செத்தார். கோவில் துணியையும் அவள் விடவில்லை. விட்டுவிடு என்று நான் வளர்ந்த பிறகு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "அவன் அங்க முகம் பாக்காம கீறான். நான் இங்க இருந்து எதுனா பண்ணிக்கினு இருந்தாதான் என்னிக்காவது உள்ள உடுவாங்க" என்பாள். இதுதான் அவள் கணக்கு. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் எல்லாம் உள்ளே சாமந்தி மாலை போட்டுக்கொண்டிருப்பீர்கள். அவள் மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு வருவாள். காற்றில் அது அணைந்துவிட்டால் வழியெல்லாம் பேச மாட்டாள்.

இப்போது மேடவாக்கத்தில் என்னோடு இருக்கிறாள். நாலாவது மாடி. நடக்க முடியாது. என் அப்பா பம்பாயில் செத்துப்போன செய்தி வந்து வெகு காலம் ஆயிற்று. அதனால் இப்போது மாதாமாதம் வீட்டுக்கே நற்கருணை வருகிறது. கொண்டு வருபவர் ஒரு இளம் சாமியார். நல்ல பையன். செருப்பை வெளியே விட்டுவிட்டு, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசுவார். போன மாதம் அம்மா அவரிடம், முதல் தடவையாக, தம்பியைப் பற்றிச் சொன்னாள். முழுவதும் சொன்னாள். சொல்லிவிட்டு, "லிம்போலேர்ந்து மேல போறதுக்கு எதுனா ஜெபம் கீதா சாமி?" என்று கேட்டாள்.

"அம்மா, நீங்க குடுத்தது முழு ஞானஸ்நானம்மா. பார்த்தவங்க ஒருத்தர் சொன்னாலே போதும்" என்றார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுவும் இல்லாம, லிம்போங்கறது திருச்சபையோட விசுவாசம் கிடையாதும்மா. அந்தக் காலத்துல அப்படி நினைச்சாங்க. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைங்களையும் கடவுள் இரக்கத்துல ஒப்படைச்சு, நம்பிக்கையா இருங்கன்னுதான் இப்ப சொல்றாங்க. பிள்ளை கடவுள்கிட்டதான் இருக்கான்" என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். நானும் எதிர்பார்த்தேன்.

"எப்ப மாத்துனாங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்ச வருஷம் ஆச்சும்மா."

"கொஞ்ச வருசம்."

"ஆமாம்மா."

கீழே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அவள் அவர் பிடியிலிருந்து கையை எடுத்து முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"யாராச்சும் ஒரு ஆளு வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல சாமி?"